"உங்க டீம் யாரோட ஆடிச்சு?": காலேஜ் ஃபுட்பால் வாக்குவாதத்துக்கு ஒரு கையேடு

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸுக்கு வேலை கிடைத்து வரும் நம்மூர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது வாடகை விவரம். அடுத்தது, இட்லி அரிசி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பது. நவம்பர் பிறந்ததும் மூன்றாவது கேள்வி வந்துவிடும்: "அண்ணே, ஆபீஸ்ல எல்லாரும் ஷெட்யூல் ஷெட்யூல்னு அடிச்சுக்கிறாங்களே, நான் எதாவது சொல்லலாமா, இல்ல வாயை மூடிட்டு இருக்கணுமா?" அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் (நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்) எந்த அணி யார் யாரோடு ஆடியது என்ற அட்டவணைச் சண்டை அது. தாராளமாகச் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று தெரிந்திருந்தால் போதும். டச்டவுனுக்கு எத்தனை புள்ளி என்பதையெல்லாம் யூடியூபில் பார்த்துக்கொள்ளுங்கள். இது அதற்கு அடுத்த பாடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒஹாயோ ஸ்டேட் ஆள், அதாவது இந்த ஊர்ப் பல்கலைக்கழக அணியின் ரசிகன். என் மனைவியின் தம்பி அலபாமாவில் பர்மிங்ஹாமில் இருக்கிறான், அவன் அலபாமா வெறியன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் வந்தால் என் மனைவி எடுத்து, "முதல்ல உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்தை முடிச்சிட்டு அப்புறம் என்கிட்ட குடுங்க" என்று என்னிடம் நீட்டிவிடுவாள். கீழே வரும் உத்திகளில் பாதி நான் அவனை மடக்கியவை, மீதி அவன் என்னை மடக்கியவை. சாய்மானம் இருக்கும், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை எங்கிருந்து வருகிறது

மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130க்கு மேல் அணிகள். ஒவ்வோர் அணிக்கும் சீசனில் 12 ஆட்டம். அதில் 8 அல்லது 9 ஆட்டம் சொந்தக் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே போய்விடும். கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் கூட்டமைப்பு. எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. என்பவை பெரிய கான்ஃபரன்ஸுகள். வெளியாரோடு மோத மிஞ்சுவது மூன்றோ நான்கோ. அதிலும் ஒன்றிரண்டு, காசு கொடுத்து வரவழைத்து வெளுத்து அனுப்புகிற சப்பை டீமாக இருக்கும். ஆக, ஜார்ஜியா பெரிதா ஓரிகன் பெரிதா என்று ஆடிப் பார்க்காமலேயே சீசன் முடிந்துவிடும். ஆடிப் பார்க்காததைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சை அதிகாரபூர்வமாக நடத்துவது 13 பேர் கொண்ட கமிட்டி. டல்லாஸுக்குப் பக்கத்தில் கிரேப்வைன் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் கூடுவார்கள். சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றான ப்ளேஆஃபுக்கு யார் போவது என்று இவர்கள்தான் பட்டியல் போட்டு முடிவு செய்வார்கள். 2014 முதல் 2023 வரை ப்ளேஆஃபில் நான்கே இடம். 2024இல் பன்னிரண்டு ஆனது. இனி சண்டை ஓயும் என்றார்கள். நான்காம் இடத்துக்கு நடந்த சண்டை பன்னிரண்டாம் இடத்துக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. 2025இல் டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிக்குத் தென்னாப்பிரிக்கா போனபோது, அந்தச் சுற்றில் அவர்கள் ஆஸ்திரேலியாவோடும் இங்கிலாந்தோடும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை, லேசான அட்டவணையில் ஏறி வந்துவிட்டார்கள் என்று எத்தனை பேர் முணுமுணுத்தார்கள்! அப்புறம் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவையே 5 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். அங்கே அந்த முணுமுணுப்பு சில வாரங்களில் அடங்கிவிட்டது. இங்கே இதே பேச்சு வருஷா வருஷம், நவம்பரிலிருந்து ஜனவரி வரை நடக்கிறது.

முதலில், எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேளுங்கள்

"நல்ல டீம் எது?" என்பது ஒரு கேள்வி. "இடத்துக்குத் தகுதி சம்பாதித்த டீம் எது?" என்பது வேறொரு கேள்வி. நாளைக்கே ஆடினால் யார் ஜெயிப்பார் என்பது முதலாவது. இதுவரை ஆடியதற்கு யாருக்கு என்ன சேர வேண்டும் என்பது இரண்டாவது. வாக்குவாதத்தில் பாதிக்கு மேல், ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் வருவதுதான்.

இதற்கு 2023 ஃப்ளோரிடா ஸ்டேட் போல ஓர் உதாரணம் இனி கிடைக்காது. 13 ஆட்டம், 13 வெற்றி, ஏ.சி.சி. சாம்பியன். முதல் ஆட்டத்திலேயே எல்.எஸ்.யூ.வை 45-24 என்று அடித்தவர்கள். நவம்பரில் அவர்களுடைய க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ஜோர்டன் டிராவிஸின் கால் உடைந்தது. கான்ஃபரன்ஸ் இறுதியில் மூன்றாம் நிலைப் பையனை வைத்து லூயிவில்லை 16-6 என்று ஜெயித்தார்கள். கமிட்டி அவர்களை ஐந்தாம் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, ஒரு தோல்வி கண்ட டெக்சஸுக்கும் அலபாமாவுக்கும் இடம் கொடுத்தது. பெரிய கான்ஃபரன்ஸில் தோல்வியே காணாத சாம்பியன் ஒன்று நான்கு அணி ப்ளேஆஃபுக்கு வெளியே நின்றது அதுதான் முதல் தடவை. டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்பது கமிட்டி சொன்ன காரணம். முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்கள் விதிமுறையில் இருக்கத்தான் செய்கிறது. அன்றைக்கு மச்சினன், "மாமா, இப்ப ஆடினா யார் ஜெயிப்பா, சொல்லு" என்றான். "இதுவரைக்கும் யார் தோத்தா, நீ சொல்லு" என்றேன். இரண்டு பேரும் சரிதான். ஆனால் முந்தின வாரம்வரை அவனும் "யார் தோத்தா" கட்சியில் இருந்தவன். எஸ்.இ.சி. இறுதியில் ஜார்ஜியாவை 27-24 என்று ஜெயித்த மறுநாள் கேள்வியை மாற்றிக்கொண்டான்.

அதனால் செப்டம்பரிலேயே எதிராளியின் வாயிலிருந்து எது முக்கியம் என்று வாங்கிவிடுங்கள். வாட்ஸப்பில் எழுத்தாக வாங்குவது உத்தமம்.

ஒரு தாள், பன்னிரண்டு வரி

"உங்க ஷெட்யூல் சப்பை" என்று யாராவது ஆரம்பித்தால் குரலை உயர்த்தாமல் ஒரு தாளை எடுங்கள். பன்னிரண்டு எதிரணிகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரம் போடுங்கள்: சொந்த ஊரா வெளியூரா, ஸ்கோர், அந்த எதிரணி சீசன் முடிவில் எத்தனை வெற்றி எத்தனை தோல்வி, அந்த வாரம் அவர்களுடைய முக்கிய ஆள் ஆடினாரா. கால் மணி நேர வேலை. ஆபீஸில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, டி.வி.யில் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள். தாள் வைத்திருப்பவன் பக்கம் பேச்சு தானாகத் திரும்பும்.

2024 இந்தியானா அணியின் தாளைப் பாருங்கள். கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்த முதல் வருஷம். அதற்கு முன்பு அந்தக் கல்லூரி என்றால் கூடைப்பந்துதான் ஞாபகம் வரும். அந்த அணி 11-1 (11 வெற்றி, 1 தோல்வி) என்று முடித்தது. "யாரோட ஆடினாங்க?" என்ற கேள்வி நாடெங்கும். பட்டியல் இது: எஃப்.ஐ.யு. 4-8, வெஸ்டர்ன் இல்லினாய் 4-8 (இது கீழ்ப்பிரிவு அணி), யூ.சி.எல்.ஏ. 5-7, ஷார்லட் 5-7, மேரிலாண்ட் 4-8, நார்த்வெஸ்டர்ன் 4-8, நெப்ராஸ்கா 6-6, வாஷிங்டன் 6-6, மிச்சிகன் ஸ்டேட் 5-7, மிச்சிகன் 7-5, ஒஹாயோ ஸ்டேட் 10-2, பர்டூ 1-11. மொத்தம் கூட்டினால் எதிரணிகளின் கணக்கு 61 வெற்றி, 83 தோல்வி. பாதிக்கு மேல் ஜெயித்த எதிரணி இரண்டே இரண்டு. அதில் ஒன்றான எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15 என்று தோற்றார்கள்.

கேட்டால் வழக்கு முடிந்தது போலிருக்கும். இங்கேதான் ஒரு சின்ன நியாயம் ஒளிந்திருக்கிறது. அந்த 83 தோல்வியில் 11 தோல்வியை உண்டாக்கியதே இந்தியானாதான். ஒருவனை அடித்துப் படுக்கவைத்துவிட்டு, "படுத்துக்கிடக்கிறவனைத்தானே ஜெயித்தாய்" என்று கேட்பது முறையில்லை. ஆகையால் நம் அணி ஆடிய ஆட்டங்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். கழித்தால் 60-72. வெற்றி விகிதம் 42இலிருந்து 45க்கு மேல் ஏறுகிறது. அப்போதும் லேசான பட்டியல்தான், ஆனால் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. நிறைய ஜெயித்த அணிக்கு இந்தக் கழித்தல் எப்போதும் கைகொடுக்கும். எதிராளி இதைச் செய்திருக்கவே மாட்டார்.

அடுத்தது ஸ்கோர் பத்தி. பதினொரு வெற்றியில் பத்து வெற்றி 14 புள்ளிக்கும் மேல், அல்லது சரியாக 14 வித்தியாசத்தில். நெப்ராஸ்காவை 56-7, பர்டூவை 66-0. மிச்சிகனை மட்டும் 20-15 என்று இழுத்துப் பிடித்து ஜெயித்தார்கள். சப்பை டீம்களோடு ஆடுவது ஒரு விஷயம், அவர்களை எப்படி நடத்தினாய் என்பது இன்னொன்று. நல்ல அணி நோஞ்சானிடம் தடுமாறாது. தடுமாறுகிற அணிக்குத்தான் அட்டவணை ஒரு போர்வை.

விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள்

எதிரணிகளின் வெற்றி விகிதத்தைக் கூட்டிப் பார்ப்பது பழைய முறை. ப்ளேஆஃபுக்கு முன்பு இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்த முறை பி.சி.எஸ். 1998இல் தொடங்கிய அந்த பி.சி.எஸ். காலத்தில், 2003 வரைக்கும், அட்டவணை பலம் சூத்திரத்தில் ஒரு தனி அங்கமாகவே இருந்தது. எதிரணிகளின் கணக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு, எதிரணிகளின் எதிரணிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கேட்க நேர்த்தியாக இருக்கும். அதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு.

ஒரு கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஆட்டங்களில் ஒருவர் ஜெயித்தால் ஒருவர் தோற்றாக வேண்டும். உள்ளுக்குள் எவ்வளவு அடித்துக்கொண்டாலும் மொத்தக் கணக்கு பாதிக்குப் பாதிதான். கான்ஃபரன்ஸின் விகிதத்தை ஏற்றுவதும் இறக்குவதும் வெளியாட்டங்கள் மட்டுமே. 16 அணி உள்ள ஒரு கான்ஃபரன்ஸ் எட்டு உள்ளாட்டத்துக்குப் பதில் ஒன்பது ஆடினால் கட்டாயமாக எட்டுத் தோல்வி கூடுகிறது. எட்டே ஆடிவிட்டு அந்த ஒன்பதாவது வாரத்தில் ஆளுக்கொரு கீழ்ப்பிரிவு அணியைக் கூப்பிட்டு அடித்தால் பதினாறும் வெற்றி. "எங்க எதிரணியெல்லாம் பாருங்க, எல்லாருக்கும் நல்ல ரெக்கார்டு" என்று சொல்லிக்கொள்ளலாம். பிக் டென் 2016லிருந்து ஒன்பது ஆடுகிறது, எஸ்.இ.சி. எட்டிலேயே இருந்தது. அலபாமா 2024 நவம்பர் 16 அன்று, சீசனின் முக்கியமான கட்டத்தில், மெர்சர் என்ற கீழ்ப்பிரிவு அணியை 52-7 என்று அடித்தது. மச்சினனிடம் மெர்சர் என்ற பெயரை மட்டும் சொன்னால் போதும், பேச்சை மாற்றுவான்.

யாருக்குக் கடினம்?

இது கொஞ்சம் கணக்கு. டீ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டு அட்டவணை வைத்துக்கொள்வோம். முதலாவதில் இரண்டு ராட்சச அணிகள், பத்து சப்பை அணிகள். இரண்டாவதில் பன்னிரண்டும் நடுத்தரம். எது கடினம்? ஆடுகிறவன் யார் என்பதைப் பொறுத்தது. ஆடுவது உச்சத்தில் இருக்கும் அணி என்றால், ராட்சசனிடம் பாதிக்குப் பாதி வாய்ப்பு, சப்பையிடம் 99 சதவீதம் என்று வைப்போம். பன்னிரண்டையும் ஜெயிக்க வாய்ப்பு 23 சதவீதம் வரும். அதே அணி நடுத்தரங்களை ஒவ்வொரு முறையும் 92 சதவீத வாய்ப்போடு சந்தித்தால் பன்னிரண்டும் ஜெயிக்க 37 சதவீதம். ஆகவே உச்ச அணிக்கு முதல் அட்டவணைதான் கடினம். இப்போது ஒரு சாதாரண அணியை ஆடவிடுங்கள். முதல் அட்டவணையில் ராட்சசர்களிடம் பத்துச் சதவீதம், சப்பைகளிடம் 90 என்றால் ஒன்பது ஆட்டம் ஜெயித்து, கொண்டாடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இரண்டாவதில் எல்லா ஆட்டமும் 55 சதவீதம் என்றால் ஆறு, ஏழுதான் தேறும். அவர்களுக்கு இரண்டாவதே கடினம்.

டி.வி.யில் "அட்டவணை பலத்தில் 14ஆம் இடம்" என்று ஒற்றை எண்ணைக் காட்டும்போது, அது எந்த அணியை மனதில் வைத்துப் போட்ட எண் என்று கேளுங்கள். ப்ளேஆஃப் பற்றிய பேச்சு என்றால் உச்ச அணிக்கான கணக்குதான் பொருந்தும். அதை நேராக அளப்பது ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுச் சேனல் வைத்திருக்கும் ரெக்கார்டு பலம் என்கிற கணக்கு. முதல் 25க்குள் வரும் ஒரு சராசரி அணி இதே அட்டவணையை ஆடியிருந்தால் இதே வெற்றி எண்ணிக்கையை எட்ட எவ்வளவு வாய்ப்பு என்று அது பார்க்கிறது. அட்டவணையையும் அதில் நீ என்ன செய்தாய் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். 2025இல் கமிட்டியும் இதே வழியில் ஓர் அளவையைச் சேர்த்துக்கொண்டது.

எதிராளி போடும் வேஷங்கள்

"நாங்க ஜெயிச்சப்ப அவங்க மூணாம் ரேங்க்" என்பது மிகப் பழைய வேஷம். 1984இல் பி.ஒய்.யு. 13-0 என்று தேசிய சாம்பியன் ஆனது. முதல் ஆட்டத்தில் மூன்றாம் ரேங்க் பிட்ஸ்பர்கை அவர்கள் ஊரிலேயே 20-14 என்று ஜெயித்தார்கள். அந்தப் பிட்ஸ்பர்க் சீசனை 3-7-1 (கடைசி எண் டிரா) என்று முடித்தது. செப்டம்பர் ரேங்க் என்பது போன வருஷத்துப் பெயரும் கல்லூரியின் புகழும் சேர்ந்த ஊகம். ஜெயித்த நாளின் ரேங்கைச் சொன்னால், முடிவில் எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். கமிட்டி தன் முதல் பட்டியலை ஏறக்குறைய நவம்பர்வரை வெளியிடாமல் வைத்திருப்பதில் இந்த நியாயம் இருக்கிறது.

அடுத்தது "நல்ல தோல்வி". பெரிய அணியிடம் போராடித் தோற்றால் அது பாதி வெற்றி மாதிரி என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம், ஆனால் எல்லாத் தோல்விக்கும் அந்தச் சலுகை கிடையாது. 2024 அலபாமா செப்டம்பர் கடைசியில் ஜார்ஜியாவை 41-34 என்று ஜெயித்தது, அருமையான ஆட்டம். அடுத்த வாரமே வாண்டர்பில்ட்டிடம் 40-35, நவம்பரில் ஓக்லஹோமாவிடம் 24-3 என்று தோற்றது. அந்த இரண்டு அணிகளுமே அந்த சீசனின் 12 ஆட்டங்களில் 6-6. கடைசி இடத்துக்கு எஸ்.எம்.யு.வும் அலபாமாவும் மோதியபோது மச்சினன் ஜார்ஜியா ஜார்ஜியா என்றே ஜபித்தான். நான் தாளில் ஓக்லஹோமா வரியில் விரலை வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். கமிட்டி எஸ்.எம்.யு.வை எடுத்தது. அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்: ப்ளேஆஃபில் எஸ்.எம்.யு. பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று நசுங்கியது.

அந்த நியாயத்தையும் உடனே வெட்டுகிறேன். பிற்பாடு நடந்ததை முன்தேதியிட்டு சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. 2023 ஃப்ளோரிடா ஸ்டேட் ஆரஞ்ச் பௌலில் (பௌல் என்பது சீசன் முடிந்தபின் நடக்கும் தனி ஆட்டம்) ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதும், "பாத்தீங்களா, கமிட்டி சரி" என்று ஊரே சொன்னது. கதவைச் சாத்தியபின் மனம் விட்டுப்போய் முக்கிய வீரர்கள் பலர் ஆடாமல் விலகிய ஆட்டம் அது. அதே மாதிரி இந்தியானா 2025இல் பிக் டென் இறுதியில் எங்களை 13-10 என்று ஜெயித்து, 16-0 என்று கோப்பையையே தூக்கியது. அதனால் 2024 பட்டியல் திடீரென்று கனமாகிவிடாது. இத்தனைக்கும் கோப்பை வருஷத்திலும் கான்ஃபரன்ஸுக்கு வெளியே அவர்கள் ஆடியது ஓல்டு டொமினியன், கென்னசா ஸ்டேட், இந்தியானா ஸ்டேட். ஒரு வருஷத்துக் கணக்கு அந்த வருஷத்தோடு.

சங்கிலி வாதம் இருக்கிறதே, அவன் இவனை ஜெயித்தான், இவன் உன்னை ஜெயித்தான் என்பது, அதைச் சிரிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் மோதல் வேறு. அதற்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். 2023இல் டெக்சஸ் அலபாமாவை அவர்கள் ஊரான டஸ்கலூசாவிலேயே 34-24 என்று ஜெயித்தது. அதனால்தான் கமிட்டி அலபாமாவை உள்ளே விட்டபோது டெக்சஸை அதற்கு மேலே வைக்க வேண்டிவந்தது.

அட்டவணை யார் குற்றம்?

கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை அணி தேர்ந்தெடுப்பதில்லை. பிக் டென்னில் 18 அணி, ஆளுக்கு 9 உள்ளாட்டம், யாரோ எட்டுப் பேரோடு ஆடாமலே போகும். 2024 டெக்சஸ் எஸ்.இ.சி.க்கு வந்த முதல் வருஷத்தில் அலபாமா, எல்.எஸ்.யூ., டென்னசி மூன்றும் பட்டியலில் வரவில்லை. அது அவர்கள் செய்த தந்திரமில்லை, விழுந்த சீட்டு. வெளியாட்டங்களுக்கோ பல வருஷம் முன்பே ஒப்பந்தம் போடுகிறார்கள். கையெழுத்திட்டபோது பலமாக இருந்த அணி, ஆடும்போது படுத்துக் கிடக்கலாம். சில சமயம் வானமே கெடுக்கும். 2017இல் சின்னக் கான்ஃபரன்ஸ் அணியான யூ.சி.எஃப்., பெரிய கான்ஃபரன்ஸின் ஜார்ஜியா டெக்கோடு ஆட இருந்த ஆட்டம் இர்மா புயலால் ரத்தானது. நான்கு மாதம் கழித்து "நீங்க பெரிய அணிகளோட ஆடவே இல்லையே" என்று அவர்களிடம்தான் கேட்டார்கள்.

சின்ன அணிகளின் பக்கம் இன்னொரு கஷ்டம். பெரியவர்கள் அவர்களுடைய ஊருக்கு வரமாட்டார்கள், கூப்பிட்டால் தங்கள் ஊருக்கு, காசுக்கு. 2007இல் மிச்சிகன் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்தது. ஐந்தாம் ரேங்க் மிச்சிகன், லட்சம் பேர் மைதானம். அப்பலாச்சியன் 34-32 என்று ஜெயித்துக் காசையும் வாங்கிக்கொண்டு போனது. மிச்சிகன் எங்கள் பரம எதிரி. இங்கே கொலம்பஸில் மிச்சிகன்காரர் யாராவது அட்டவணை பலம் பேசினால், அந்த ஸ்கோரைச் சொல்வது ஒரு சமூகக் கடமை மாதிரி.

சின்ன அணியின் பட்டியல் எல்லாமே மன்னிக்கத்தக்கது என்றும் சொல்ல மாட்டேன். 2023இல் லிபர்ட்டி 13-0 என்று வந்து, ஃபியஸ்டா பௌலில் ஓரிகனிடம் 45-6 என்று தோற்றது. ஆனால் அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கமிட்டி தன் பட்டியலில் அவர்களை 23ஆம் இடத்தில்தான் வைத்திருந்தது.

மரியாதை என்று எதைச் சொல்கிறார்கள்

"எங்களுக்கு மரியாதை இல்லை" என்று ஒரு ரசிகர் சொன்னால், அதற்குள் மூன்று புகார்களில் ஒன்று இருக்கும். எங்கள் வெற்றியை எண்ணவில்லை. எங்கள் தோல்விக்கு மட்டும் முழுத் தண்டனை. எங்களை ஆடவே விடவில்லை. எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் செல்லாது.

மூன்றாவது புகார்தான் கனமானது. யூ.சி.எஃப். அந்த 2017இல் 12-0 என்று முடித்தும் பட்டியலில் 12ஆம் இடம். மூன்று தோல்வி கண்ட ஆபர்ன் ஏழாம் இடம். பீச் பௌலில் இருவரும் மோத, யூ.சி.எஃப். 34-27 என்று ஜெயித்தது. அந்த ஆபர்ன், தேசிய இறுதியில் ஆடிய ஜார்ஜியா, அலபாமா இரண்டையுமே அதே சீசனில் தோற்கடித்திருந்தது. யூ.சி.எஃப். தன்னைத்தானே தேசிய சாம்பியன் என்று அறிவித்து டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் போனது. நிறையப் பேர் சிரித்தார்கள். நான் அவர்கள் பக்கம். ஆடக் கூப்பிடவும் மாட்டோம், ஆடவில்லை என்றும் சொல்வோம் என்றால் மனிதன் என்னதான் செய்வான்? 2021இல் சின்சினாட்டி நோட்ர டேமை அவர்கள் ஊரிலேயே 24-13 என்று ஜெயித்த பிறகுதான் சின்னக் கான்ஃபரன்ஸிலிருந்து ஓர் அணிக்கு அந்த நான்கில் இடம் கிடைத்தது. அரையிறுதியில் அலபாமாவிடம் 27-6 என்று தோற்றார்கள். அதே அரையிறுதிகளில் மிச்சிகனும் ஜார்ஜியாவிடம் 34-11 என்று தோற்றது, மிச்சிகனை யாரும் "இவர்களை ஏன் விட்டீர்கள்" என்று கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மச்சினன் சொல்வான். 2010 நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கார்டன் ஜீ, போய்ஸி ஸ்டேட், டி.சி.யு. போன்ற அணிகளின் அட்டவணையைக் கிண்டலடித்து, நாங்களெல்லாம் ஏழைகளின் சின்னச் சகோதரிகளோடு ஆடுவதில்லை என்கிற பொருளில் பேசினார். முதியோர்களைப் பராமரிக்கும் கன்னியர் சபை அது. அந்த சீசனில் நாங்களும் ஈஸ்டர்ன் மிச்சிகனோடு ஆடி 73-20 என்று ஜெயித்திருந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை போல. ரோஸ் பௌலில் டி.சி.யு. விஸ்கான்சினை 21-19 என்று ஜெயித்தது. அதே விஸ்கான்சின் அக்டோபரில் எங்களை 31-18 என்று அடித்த அணி. சில நாளில் கொலம்பஸ் சாலையோர விளம்பரப் பலகைகளில், டி.சி.யு.வுக்கு வாழ்த்துகள், இப்படிக்கு ஏழைகளின் சின்னச் சகோதரிகள் என்று எழுதி வைத்தார்கள். ஜீ மன்னிப்பும் கேட்டார்.

உங்கள் அணியின் அழுக்கை முதலில் நீங்களே எடுத்து மேஜையில் வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ப்ளேஆஃபில் எங்களுக்கு இடம் கிடைத்த 2014 பேச்சு வந்தால் நானே ஆரம்பித்துவிடுவேன்: ஆமாம், செப்டம்பரில் வர்ஜீனியா டெக்கிடம் சொந்த மைதானத்தில் 35-21 என்று தோற்றோம். ஆமாம், கடைசி வாரம் டி.சி.யு. மூன்றாம் இடத்திலிருந்து, அயோவா ஸ்டேட்டை 55-3 என்று ஜெயித்துவிட்டும் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. டி.சி.யு.வை 61-58 என்று ஜெயித்த பெய்லருக்கு ஐந்தாம் இடம்தான். அவர்களுடைய பிக் 12க்கு அப்போது இறுதி ஆட்டம் கிடையாது, எங்களுக்கு இருந்தது. மூன்றாம் நிலைக் க்வார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு விஸ்கான்சினை 59-0 என்று அடித்தோம், உள்ளே போனோம். ஒன்பது வருஷம் கழித்து ஃப்ளோரிடா ஸ்டேட்டும் மூன்றாம் நிலைப் பையனை வைத்துத்தான் ஜெயித்தது, ஆனால் 16-6. வெற்றி வித்தியாசத்தை ஊக்குவிக்கக் கூடாது என்று கமிட்டியின் விதிமுறை சொல்கிறது. இந்த இரண்டு ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதிமுறை எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று புரியும். இதை நானே சொல்லிவிட்டதால் எதிராளியிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

சில நடைமுறை விஷயங்கள்

மேலதிகாரி மிச்சிகன்காரர் என்றால் வருட மதிப்பீடு முடியும்வரை கேள்வி மட்டும் கேளுங்கள், பதில் சொல்ல வேண்டாம். "சப்பை" என்று அவருடைய அணியைச் சொல்ல வேண்டாம்; "வெளியூர் ஆட்டம் கொஞ்சம் கம்மியோ?" என்றால் அதே வேலை நடக்கும். செவ்வாய்க்கிழமை இரவு கமிட்டிப் பட்டியல் வந்தவுடன் பேசாதீர்கள், அடுத்த நாள் காபி நேரத்தில் பேசுங்கள், எல்லாரும் தூங்கி எழுந்திருப்பார்கள். கமிட்டிக்காரர்கள் தங்கள் கல்லூரி பேச்சு வந்தால் அறையைவிட்டு வெளியே போய்விடுவார்கள். அந்த வசதி நமக்கு இல்லை, என் வீட்டில் போனும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

எஸ்.இ.சி.யும் 2026இலிருந்து ஒன்பது உள்ளாட்டத்துக்கு மாறுவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. மச்சினன் இப்போதே அடித்தளம் போடுகிறான்: "இனிமே ஒன்பது ஆடுறோம்ல மாமா, மூணு தோல்வி வந்தாலும் அதுக்குக் கணக்கு வேற." என்னிடம் பதில் தயார். ஒன்பது ஆடிக்கொண்டிருந்த பிக் டென்னில் இல்லினாய் 2024இல் 9-3. கமிட்டி அவர்களை 20ஆம் இடத்தில் வைத்தது, யாரும் அழவில்லை. எங்களை விட்டுவிட்டார்களே என்று புலம்பிய எஸ்.இ.சி. அணிகளில் ஒன்று 9-3 சவுத் கரோலைனா, அவர்களுக்கு 15ஆம் இடம். இரண்டும் சிட்ரஸ் பௌலில் மோதின. இல்லினாய் 21, சவுத் கரோலைனா 17. பிற்பாடு நடந்த பௌல் ஆட்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன், தெரியும். மச்சினனுக்கு மட்டும் விதிவிலக்கு.